ஒரே கேள்வியோடு நாற்பது ஆண்டுகள்

2023 நவம்பர் 16 அன்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பரம்பரை ரத்த நோய்களுக்கான காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியைக் கொண்டு உருவான ஒரு சிகிச்சை உலகில் அனுமதி பெற்றது அதுவே முதல் முறை. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 8 அன்று, அமெரிக்காவும் தலையசைத்தது. செய்தித்தாள்கள் கத்தரியைக் கொண்டாடின. அது நியாயம்தான். அந்தக் கருவிக்காக எம்மானுவெல் சார்பென்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2020-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றிருந்தார்கள். ஆனால், மனித மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் எந்த இடத்தில் வெட்டினால் நோயாளியின் வலி நிற்கும் என்பதைக் கத்தரி சொல்லாது. அதைச் சொன்னது பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் இயங்கும் ஓர் ஆய்வுக்கூடம்.

அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஸ்டூவர்ட் ஓர்கின். ரத்தம் எப்படி உருவாகிறது, அது ஏன் கெடுகிறது என்ற கேள்வியை 1970-களின் இறுதியில் கையில் எடுத்தவர், அதை இன்றுவரை கீழே வைக்கவில்லை. அவருடைய ஆய்வு வாழ்க்கையை இந்தியா, குறிப்பாகத் தமிழகம், கூர்ந்து படிக்க வேண்டும். அவர் ஆராய்ந்த நோய்கள் நம் மலைகளிலும் ஊர்களிலும் இருக்கின்றன. அவருடைய கண்டுபிடிப்பில் பிறந்த சிகிச்சையை வாங்கும் வசதி நம்மிடம் இல்லை. அதைச் சொந்தமாக உருவாக்கும் திறமையோ நம்மிடம் இருக்கிறது. அந்தத் திறமைக்கு நாம் எவ்வளவு காலம் கொடுக்கப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

சிவப்பணுவுக்குள் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின்தான் உடலெங்கும் ஆக்ஸிஜனைக் கொண்டுபோகிறது. பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனால், ஆறாவது இடத்தில் குளூடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால், ஆக்ஸிஜனை இறக்கிவைத்ததும் இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகின்றன. வட்டமாக, நெகிழ்வாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள்போல வளைந்து விறைக்கிறது. மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைக்கிறது. இதுதான் அரிவாள் செல் நோய். அந்த அடைப்பு தரும் வலி எலும்பைப் பிளப்பதுபோல் வரும் என்பார்கள் நோயாளிகள். பக்கவாதம், நுரையீரல் பாதிப்பு, மண்ணீரல் செயலிழப்பு, ஓயாத சோகை என்று அது ஒருவரின் ஆயுளையே சுருக்கிவிடும்.

தலசீமியா இதற்கு நெருங்கிய உறவு. அங்கே பீட்டா சங்கிலி தப்பாக உருவாவதில்லை. போதிய அளவில் உருவாவதே இல்லை. கடுமையான தலசீமியாவோடு பிறந்த குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுவதும். ஏற்றிய ரத்தத்தின் இரும்புச்சத்து இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற மறுபடி மருந்து. இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 10,000 குழந்தைகள் இந்த நோயோடு பிறக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அரிவாள் வடிவச் சிவப்பணுக்களை 1910-இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் அவை தென்பட்டன. 1949-இல் லைனஸ் பாலிங் குழு இதை ஒரு மூலக்கூறின் நோய் என்று நிறுவியது. 1950-களின் நடுவில் வெர்னான் இங்கிராம் அந்த ஒற்றை அமினோ அமில மாற்றத்தைக் கண்டுபிடித்தார். ஆக, காரணம் தெளிவாகத் தெரிந்த முதல் மரபு நோய்களில் இது ஒன்று. காரணம் தெரிந்த பிறகும் வேரை நோக்கிய ஒரு சிகிச்சை வர, அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த அறுபது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதில்தான் நாம் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது.

பாலிங்கின் கட்டுரைக்கு ஓராண்டு முன்பே, 1948-இல், நியூயார்க்கின் ப்ரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்திருந்தார். அரிவாள் செல் நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த முதல் சில மாதங்கள் எந்தத் தொல்லையும் வருவதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தை வேறொரு ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறது. அதில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. பிறந்த பிறகு உடல் காமாவை நிறுத்திவிட்டு பீட்டாவுக்கு மாறுகிறது. காமா இருக்கும்வரை குழந்தைக்குப் பாதுகாப்பு. பிறகு இன்னொரு தகவலும் சேர்ந்தது: சில குடும்பங்களில் பெரியவர்களான பின்னும் கருக்கால ஹீமோகுளோபின் நிற்காமல் உற்பத்தியாகிறது, அவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அப்படியானால் கெட்டுப்போன பீட்டா மரபணுவைச் சரிசெய்ய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. உடல் நிறுத்திவைத்த நல்ல மரபணுவை மறுபடி ஓடவிட்டால் போதும். அதை நிறுத்துவது எது? இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகள் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஓர்கின் 1946-இல் நியூயார்க்கில் பிறந்தார். எம்.ஐ.டி.யில் பட்டம், ஹார்வர்டில் மருத்துவம், பிறகு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபிலிப் லீடரின் ஆய்வுக்கூடம். குளோபின் மரபணுக்களைத் தனியே பிரித்தெடுப்பதில் அன்று முன்னணியில் இருந்தவர்களில் லீடரும் ஒருவர். அங்கே கற்ற வித்தையோடு பாஸ்டனுக்குத் திரும்பிய ஓர்கின், 1978-இல் ஹார்வர்டு ஆசிரியராகச் சேர்ந்து, குழந்தைகள் ரத்தவியலில் பெயர்பெற்ற டேவிட் நாதனின் ஊக்கத்தில் தன் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அந்த இடம் முக்கியம். நோயுற்ற குழந்தைகள் படுத்திருக்கும் வார்டுக்கும் டி.என்.ஏ. படிக்கும் மேசைக்கும் நடுவே தொலைவே இல்லை.

அவர் முதலில் எடுத்துக்கொண்டது தலசீமியா. இந்த நோய் ஒரே பிழையால் வருவதில்லை. பீட்டா மரபணுவில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பிழைகள். ஒவ்வொரு நோயாளியாக எடுத்துப் படித்தால் அன்றைய தொழில்நுட்பத்தில் ஆயுள் போதாது. பால்டிமோரின் ஹெய்க் கஸாஸியனோடு சேர்ந்து அவர் ஒரு குறுக்குவழி கண்டார். மரபணுவைச் சுற்றியுள்ள இயல்பான சிறு வேறுபாடுகளைக் கொண்டு நோயாளிகளின் குரோமோசோம்களை வகைபிரித்தார்கள். ஒரு வகைக்குப் பெரும்பாலும் ஒரு பிழை. வகைக்கு ஒன்றை மட்டும் எடுத்துப் படித்தபோது, மத்தியதரைக் கடல் பகுதி மக்களிடம் இருந்த தலசீமியா பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1982-இல் வெளியான இந்த ஆய்வு, ஒரு மரபு நோயின் மூலக்கூறுக் காரணங்களை முறையாக வரிசைப்படுத்துவதற்கு முன்மாதிரியானது. கருவிலேயே தலசீமியாவைக் கண்டறியும் பரிசோதனைகள் பரவ இத்தகைய அறிவுதான் அடித்தளம்.

1986-இல் அவருடைய குழு இன்னொரு கதவைத் திறந்தது. வெள்ளையணுக்களால் கிருமிகளைக் கொல்ல முடியாமல் போகும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அதற்குக் காரணமான புரதம் எதுவென்று அப்போது தெரியாது. எக்ஸ் குரோமோசோமில் அந்த மரபணு எங்கே இருக்கலாம் என்ற இட அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போய் மரபணுவையே கண்டுபிடித்தார்கள். இந்த வழியில் சிக்கிய முதல் நோய் மரபணு அது. பின்னாளில் பல பரம்பரை நோய்களின் மரபணுக்களைத் தேடியவர்கள் இதே பாதையில்தான் நடந்தார்கள்.

அடுத்து வந்தது ஸ்டெம் செல்கள், அதாவது குருத்தணுக்கள் பற்றிய வேலை. எலும்பு மஜ்ஜையில் உள்ள மிகச் சில அணுக்கள் தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு, எல்லா வகை ரத்த அணுக்களையும் உண்டாக்க வல்லவை என்பதை 1961-இல் டொராண்டோவின் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லாவும் சோதனை மூலம் காட்டியிருந்தார்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சையை நடைமுறைக்குக் கொண்டுவந்த டானல் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால், ஒரே குருத்தணுவிலிருந்து வந்த ஒன்று சிவப்பணுவாகவும் மற்றொன்று தட்டணுவாகவும் மாற வேண்டும் என்பதை எது முடிவுசெய்கிறது என்பது இருட்டில்தான் இருந்தது. 1989-இல் ஓர்கின் குழு காட்டா-1 என்ற புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட சிறு வரிசைகளில் போய் அமர்ந்து, சிவப்பணுவுக்கு வேண்டிய மரபணுக்களை இயக்கும் புரதம் இது. அதை நீக்கினால் முதிர்ந்த சிவப்பணு உருவாகாது. எஸ்.சி.எல். என்ற இன்னொரு புரதத்தை நீக்கிய எலிக் கருக்களில் ரத்தமே உருவாகவில்லை என்று 1995-இல் அதே குழுவில் ரமேஷ் சிவதாசானியும் மற்றவர்களும் காட்டினார்கள்.

இவை எதுவும் அன்று மருந்தாகவில்லை. காட்டா-1 யாருடைய வலியையும் குறைக்கவில்லை. “இதனால் என்ன பயன்?” என்று கேட்டிருந்தால், உடனே நீட்டக்கூடிய பதில் எதுவும் ஓர்கினிடம் இருந்திருக்காது.

ஓர்கினின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகவும் பெருமைக்குரிய ஓர் அத்தியாயம் 1995-இல் வந்தது. மரபணு சிகிச்சை 1990-இல் முதல் நோயாளியிடம் சோதிக்கப்பட்ட பிறகு அமெரிக்காவில் பெரும் பரபரப்பு. பத்திரிகைகளில் நாளொரு அற்புதம். தேசிய சுகாதார நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலரை அதற்குச் செலவிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் செலவு சரியான திசையில் போகிறதா என்று ஆராய, நிறுவனத்தின் தலைவர் ஹரோல்டு வார்மஸ் ஒரு குழுவை அமைத்தார். ஆர்னோ மோட்டுல்ஸ்கியும் ஓர்கினும் அதன் கூட்டுத் தலைவர்கள். அவர்களுடைய அறிக்கை பூசிமெழுகவில்லை. எந்த ஒரு சோதனையிலும் சிகிச்சையின் பலன் ஐயமின்றி நிரூபிக்கப்படவில்லை. ஆய்வாளர்களும் அவர்களுக்குப் பணம் போடுபவர்களும் மிகையாகப் பேசி மக்களின் நம்பிக்கையோடு விளையாடுகிறார்கள். அடிப்படை அறிவியலுக்குத் திரும்புங்கள் என்றது.

துறை முழுவதும் கொண்டாட்டத்தில் இருக்கும்போது அந்தத் துறைக்குள்ளிருந்தே இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1999-இல், பென்சில்வேனியாவில் ஒரு மரபணு சிகிச்சைச் சோதனையில் 18 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தபோது அந்த எச்சரிக்கையின் எடை எல்லோருக்கும் புரிந்தது. 1995-இல் பொறுமை கேட்டவரின் ஆய்வுக்கூடமே பிறகு உண்மையாகவே பலன் தரும் மரபணு சிகிச்சைக்கு இலக்கைக் காட்டியது. அவருடைய பொறுமைக்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

2007-இல் திருப்பம் லண்டனிலிருந்து வந்தது. கிங்ஸ் கல்லூரியின் ஸ்வீ லே தெய்ன், மலேசியாவில் பிறந்த ரத்தவியல் மருத்துவர். கருக்கால ஹீமோகுளோபின் சிலருக்கு மட்டும் ஏன் கூடுதலாக இருக்கிறது என்பதைக் குடும்பம் குடும்பமாக, பல ஆண்டுகள் தேடியவர். மரபணுத் தொகுப்பு முழுவதையும் அலசிய அவருடைய குழு, இரண்டாவது குரோமோசோமில் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவைச் சுட்டியது. சார்டினியாத் தீவு மக்களிடம் நடந்த ஆய்வும் அதே இடத்தைக் காட்டியது. அதுவரை வெள்ளையணுக்களோடும் ஒருவகை ரத்தப் புற்றுநோயோடும் மட்டுமே தொடர்புபடுத்தப்பட்டிருந்த மரபணு அது. குளோபின் ஆய்வாளர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஓர்கினின் ஆய்வுக்கூடத்தில் அப்போது மாணவராக இருந்த விஜய் சங்கரன் அந்தத் தடயத்தைப் பற்றிக்கொண்டார். மனிதச் சிவப்பணுக்களின் முன்னோடிகளில் பி.சி.எல்.11ஏ அளவைக் குறைத்தால் கருக்கால ஹீமோகுளோபின் ஏறுகிறது என்று 2008-இல் இந்தக் குழு காட்டியது. காமா மரபணுவை அடக்கிவைக்கும் புரதம் கடைசியில் பிடிபட்டது. 2011-இல், அரிவாள் செல் நோயுள்ள எலிகளில் இந்தப் புரதத்தைச் சிவப்பணுக்களிலிருந்து மட்டும் நீக்கியபோது நோயின் அடையாளங்கள் மறைந்தன. ஜேனட் வாட்சனின் கவனிப்புக்கு அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு விடை கிடைத்தது.

ஆனாலும் மருந்து இன்னும் தொலைவில்தான். பி.சி.எல்.11ஏ உடலின் வேறு பல பணிகளுக்கும் தேவை. அது அறவே இல்லாத எலிகள் பிறந்த உடனே இறந்துவிடும். வீட்டின் மெயினை அணைக்காமல் அடுக்களை விளக்கை மட்டும் அணைக்க வேண்டிய நிலை. 2013-இல் டேனியல் பாவரும் ஓர்கினும் அந்தத் தனி விசையைக் கண்டுபிடித்தார்கள். பி.சி.எல்.11ஏ மரபணுவின் நடுவே, புரதம் எதையும் குறிக்காத பகுதியில், சிவப்பணுக்களில் மட்டும் அந்த மரபணுவை முடுக்கிவிடும் ஒரு சிறு வரிசை இருக்கிறது. தெய்னின் தரவுகள் சுட்டிய இயற்கையான வேறுபாடுகளும் அங்கேயே விழுந்திருந்தன. 2015-இல், அதற்குள் கைக்கு வந்திருந்த கிரிஸ்பரைக் கொண்டு அந்தப் பகுதி முழுவதையும் அங்குலம் அங்குலமாக வெட்டிப் பார்த்தார்கள். மிகச் சிறிய ஓர் இடத்தில் வெட்டியபோது விளைவு உச்சத்தைத் தொட்டது. அது காட்டா-1 புரதம் வந்து அமரும் இடம்.

1989-இல் யாருக்கும் உடனடிப் பயன் தராத ஒன்றாகப் பிரித்தெடுக்கப்பட்ட அதே காட்டா-1. அதன் இருக்கையைக் கலைத்தால் சிவப்பணுவில் பி.சி.எல்.11ஏ குறைகிறது, பி.சி.எல்.11ஏ குறைந்தால் காமா திரும்புகிறது. இன்று காஸ்கெவியின் கத்தரி வெட்டுவது அந்த இடத்தைத்தான்.

சிகிச்சை எளிதானதல்ல. நோயாளியின் குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைத்துச் சேகரிக்கிறார்கள். அவை ஆலைக்குப் போய், கிரிஸ்பரால் திருத்தப்பட்டு, உறைநிலையில் திரும்பி வருகின்றன. இடையில் புசல்ஃபான் என்ற கடுமையான மருந்தைச் செலுத்திப் பழைய மஜ்ஜையை அழித்துவிட வேண்டும். பிறகு திருத்திய அணுக்களை ஏற்றி, அவை வேர்பிடிக்கும்வரை வாரக்கணக்கில் மருத்துவமனைவாசம். மகப்பேற்றுத் திறன் பறிபோகும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 2019 ஜூலையில் இதைப் பெற்ற முதல் அரிவாள் செல் நோயாளி விக்டோரியா கிரே, நான்கு குழந்தைகளின் தாய். வலி நின்ற தன் வாழ்க்கையைப் பற்றி உலக மேடைகளில் அவரே பேசியிருக்கிறார். அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான சோதனையில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதமேனும் கடும் வலித் தாக்குதல் வரவில்லை. இந்தச் சிகிச்சைக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புக்காக 2024-இல் ஓர்கினுக்கும் தெய்னுக்கும் ஷா பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

காஸ்கெவியின் விலை 22 லட்சம் டாலர். அறிவிக்கப்பட்ட அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய்.

உலகில் அரிவாள் செல் நோயோடு பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பிறக்கிறார்கள். இந்தியாவில் இந்த மரபு முதலில் பதிவான இடங்களில் ஒன்று நம் நீலகிரி. 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் செல் பண்பைக் கண்டறிந்து எழுதினார்கள். பழங்குடி மக்களிடையே இது மிகுதியாக இருப்பதற்குக் காரணம் மலேரியா. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்கள் கடும் மலேரியாவிலிருந்து தப்பினார்கள். இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்கள் நோயாளியானார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் பழங்குடியினருக்கான தொண்டு அமைப்புகள் பல ஆண்டுகளாக இந்த நோயாளிகளைக் கண்டறிந்து பார்த்துக்கொள்கின்றன. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், 17 மாநிலங்களில் 40 வயதுவரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு.

பரிசோதனை நல்லது. ஆனால், நோய் இருக்கிறது என்று ஒரு வண்ண அட்டையைக் கையில் கொடுத்தபின் அடுத்து என்ன? கைக்கெட்டும் தொலைவில் ஒரு மருந்து இருக்கிறது: ஹைட்ராக்ஸியூரியா. மலிவான மாத்திரை. வலித் தாக்குதல்களை அது கணிசமாகக் குறைக்கிறது என்பது 1995-இல் பெரிய சோதனை ஒன்றில் நிரூபிக்கப்பட்டது. அதுவும் முக்கியமாகக் கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்தித்தான் வேலை செய்கிறது. மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது மாதம் தவறாமல் கிடைக்க வேண்டும், ரத்தப் பரிசோதனையோடு தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும். இதற்கு எந்தப் புதிய அறிவியலும் வேண்டாம். நிர்வாகத்தின் அக்கறை போதும்.

மாத்திரையே இன்னும் எல்லோருக்கும் போய்ச்சேராத நாட்டில் மரபணு ஆய்வுக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நேர்மையானது, ஆனால் ஒன்றைக் கொடுத்தால் மற்றதைப் பறிக்க வேண்டும் என்ற கணக்கு தவறு. மாத்திரை நோயைத் தணிக்கும், தீர்க்காது. தலசீமியாக் குழந்தைக்கு அது பெரும்பாலும் பயன்படாது. மஜ்ஜை மாற்று சிகிச்சை தீர்க்கும். அதற்குப் பொருந்தும் கொடையாளர் வேண்டும். உடன்பிறந்த ஒருவர் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புதான். மீதிக் குழந்தைகளுக்குத் தம் சொந்தக் குருத்தணுக்களைத் திருத்திப் பெறும் சிகிச்சைதான் பெரிய நம்பிக்கை. அது 18 கோடியில் இருக்கும்வரை அவர்களுக்கு இல்லாததுதான்.

விலையைக் குறைக்க வெளிநாட்டு நிறுவனங்களிடம் பேரம் பேசுவது ஒரு வழி. இங்கேயே உருவாக்குவது மற்றொரு வழி; அது பலிக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி செல் சிகிச்சையை மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றன. அதன் விலை அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இன்னும் பலருக்கு எட்டாத தொகைதான், ஆனால் அந்த ஒரே அடியில் தொலைவு எவ்வளவோ குறைந்துவிட்டது.

தமிழகத்தில் இதற்கான களம் வேலூரில் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாமன் சாண்டி தலைமையில் 1986-இல் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. தலசீமியாக் குழந்தைகளுக்கான சிகிச்சையில் இந்தியாவின் முக்கிய மையமாக அது வளர்ந்தது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் துணையோடு அதே கல்லூரியில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் உருவானது. அங்கே காமா மரபணுவின் முன்பகுதியை ஓர் எழுத்து, இரண்டு எழுத்து என்று நுணுக்கமாகத் திருத்தி, கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்தும் புதிய மாற்றங்களை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2022-இல் வெளியிட்டார்கள். வேலூர்க் குழு பி.சி.எல்.11ஏ-வை நகலெடுக்கவில்லை, அதே கேள்விக்குத் தங்கள் பாதையில் விடை தேடுகிறது.

இதே வேலூரில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் இன்னொரு பெரும் செயல் நடந்தது. ஹீமோபிலியா-ஏ நோயாளிகளுக்கு ரத்தம் உறையத் தேவையான எட்டாவது காரணி இராது. சிறு அடியும் மூட்டுக்குள் ரத்தக் கசிவாகும். ஐந்து நோயாளிகளின் குருத்தணுக்களை எடுத்து, அந்தக் காரணிக்கான மரபணுவை லென்டிவைரஸ் வழியாகச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். சிகிச்சைக்குப் பின் எல்லோரையும் சேர்த்து 81 மாதம் கண்காணித்ததில் ரத்தக் கசிவு ஒருமுறைகூட இல்லை. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதை வெளியிட்டது. ஹீமோபிலியாவுக்கு இந்த முறையில் மனிதர்களிடம் நடந்த முதல் சோதனை இது. ரத்த நோயாளிகளைப் பார்ப்பதிலும் ஆராய்வதிலும் பல பத்தாண்டுகள் ஊறிய ஒரு மருத்துவமனையால்தான் இதைச் செய்ய முடிந்தது.

வேலூரும் பாஸ்டனும் ஒரு விஷயத்தில் ஒன்று: நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் ஆய்வுக்கூடம். வேறுபடுவது பணம் வரும் விதம். ஓர்கினுக்கு 1986 முதல் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவு இருந்தது. அந்த நிறுவனம் தனித்தனித் திட்டங்களுக்குப் பணம் தருவதைவிட, ஆளை நம்பிப் பல ஆண்டுகளுக்கு ஆதரிக்கிறது. குறித்த காலத்துக்கு ஒருமுறை கறாராக மதிப்பிட்டு, தேறினால் தொடர்கிறது. நம் நாட்டில் ஆய்வு நிதி பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டமாக வருகிறது. முதலாண்டு கருவி வாங்குவதில் போகும். மூன்றாமாண்டு அடுத்த விண்ணப்பம் எழுதுவதில் போகும். ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவது வழக்கமாகிவிட்டது. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். காட்டா-1 மேசைக்கு வந்ததற்கும் அதன் பயன் நோயாளிக்குப் போனதற்கும் இடையே முப்பது ஆண்டுகள் ஓடின. மூன்றாண்டுக்கு ஒருமுறை பயன் என்ன என்று கேட்டிருந்தால், அந்த ஆய்வு பத்துமுறை நிறுத்தப்பட்டிருக்கும்.

பொறுமை குறைந்த இடத்தில் மிகைப்பேச்சு புகுந்துவிடும். ஸ்டெம் செல் என்ற பெயரைச் சொல்லி மூட்டு வலியிலிருந்து ஆட்டிசம்வரை தீர்ப்பதாக விளம்பரம் செய்யும் மையங்கள் நம் நகரங்களில் இருக்கின்றன. ரத்த நோய்கள் உள்ளிட்ட சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர, மற்றவற்றை முறையான சோதனைக்கு வெளியே செய்வது ஏற்கத்தக்கதல்ல என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமித்துவைத்தால் பின்னாளில் அந்தக் குழந்தைக்கே உதவும் என்று கர்ப்பிணிகளிடம் விற்கிறார்கள். தலசீமியாவோ அரிவாள் செல் நோயோ உள்ள குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பிழைதான் இருக்கும். தன் ரத்தம் தனக்கே மருந்தாகாது. 1995-இல் ஓர்கினும் மோட்டுல்ஸ்கியும் எழுதியதுபோல ஓர் அறிக்கை, நம் அறிவியலாளர்களிடமிருந்து நமக்கும் இன்று தேவை.

அறிவியல் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. மஜ்ஜையை அழிக்காமல், உடலுக்குள்ளேயே ஊசி மூலம் குருத்தணுக்களைத் திருத்த முடியுமா என்று பல குழுக்கள் முயல்கின்றன. கருக்கால ஹீமோகுளோபினை அடக்கும் புரதங்களை மாத்திரையால் வீழ்த்தும் முயற்சியும் நடக்கிறது. அப்படி ஒரு புரதத்தைச் சிதைக்கும் மூலக்கூறு பற்றி நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். ஏழை நாடுகளுக்கு உண்மையில் பொருந்தப்போவது இத்தகைய வழிகள்தான். அவை வரும் நாளில் வாங்குபவராக மட்டும் நாம் வரிசையில் நிற்க வேண்டுமா என்பதை இப்போதைய நிதிநிலை அறிக்கைகள்தான் தீர்மானிக்கும்.

செய்ய வேண்டியவை கண்முன் இருக்கின்றன. நீலகிரி மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் ஒவ்வொரு பழங்குடிக் குழந்தைக்கும் அரிவாள் செல் பரிசோதனையை மாநில அரசு கட்டாயமாக்கலாம். ஹைட்ராக்ஸியூரியா இருப்பைத் தடுப்பூசி இருப்பைப்போலக் கண்காணிக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் மஜ்ஜை மாற்றுப் படுக்கைகளைக் கூட்டி, தலசீமியாக் குழந்தைகளுக்கான செலவை முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் முழுமையாக ஏற்கலாம். மத்திய அரசு, வேலூர் மையம் போன்று நோயாளிகளோடு பிணைந்த ஆய்வுக்கூடங்கள் சிலவற்றைத் தேர்ந்து, மூன்றாண்டுத் திட்டம் என்ற அளவுகோலைக் கைவிட்டுப் பதினைந்து ஆண்டுக்கு நிதி உறுதியளிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளி வல்லுநர்கள் கறாராக மதிப்பிடட்டும். பொதுப் பணத்தில் உருவாகும் சிகிச்சைக்கு விலை வரம்பு என்ன என்பதை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். மரபணுவைத் திருத்தக் கற்ற இளம் ஆய்வாளர்கள் ஏற்கெனவே வேலூரிலும் பெங்களூருவிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள். அவர்கள் பாஸ்டனுக்கு விமானம் ஏறுவதற்கு முன் இந்த முடிவுகளை எடுக்க வேண்டும்.